கேட்குமுன் கொடுக்கும் வீடு

எங்கள் வீட்டில் வந்து தங்குகிறவர்கள் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டியிருக்காது. பதினோரு வருடங்களாக இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கொடைக்கானல் ஊர் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மேலே இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். வாசலில் ‘ஹோம்ஸ்டே’ என்று ஒரு பலகை உண்டு. அதை ஒருமுறை காட்டுமாடு முட்டிச் சாய்த்தது. அன்றிலிருந்து கொஞ்சம் குனிந்தபடியே நிற்கிறது. தொழிலுக்குப் பொருத்தமான பணிவு என்பதால் நான் நிமிர்த்தவில்லை.

விருந்தினர் உள்ளங்கைகளைத் தேய்த்தால் அடுத்த நிமிடம் பிளாஸ்கில் வெந்நீர். பெரியவர் ஒருவர் முழங்காலைத் தொட்டால் முக்காலி. ஓர் அம்மாள் தலையணையை மூக்கருகே கொண்டுபோனால், இழுத்த மூச்சை அவர் விடுவதற்குள் புது உறை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தால், பஜ்ஜி தனித்தனித் தட்டில் போகும். இதை ஒரு கலை என்றே நான் நம்பியிருந்தேன். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்: “ஈ மாதிரி மொய்க்கிறது.”

இப்படிப்பட்ட வீட்டில், என் நாற்பத்தாறாவது வயதில், ஒரு மகள் பிறந்தாள். என் வயதுக்காரர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்த காலத்தில் நான் தொட்டிலுக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எங்கள் வீட்டின் சிறந்த சேவை கிடைத்தது. அறையைக் காலி செய்யாத ஒரே விருந்தாளி அவள்தானே. அவள் பட்டாணிக் கூடையைப் பார்த்தால் பட்டாணி உரித்து உள்ளங்கையில் வந்துவிடும். அலமாரியைப் பார்த்தால் அலமாரி திறக்கும். எதையுமே பார்க்காமல் உதடு லேசாகக் கோணினால் கைபேசி வந்துவிடும், அதில் ஏதோ ஒரு வண்ண யானை ஆடிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு இரண்டே கால் வயதாயிற்று. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரேயடியாக மௌனம் என்று சொல்ல முடியாது. ‘ம்’ என்பாள். அந்த ஒரே எழுத்தில் அவளிடம் பத்துப் பன்னிரண்டு வகை இருந்தன. பசிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, ‘அப்பாவை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்’ என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும் நாங்கள் பிழையில்லாமல் படித்தோம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஊரில் பிற குழந்தைகள் ‘அம்மா, தண்ணி, மாடு’ என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஓர் உயர்ந்த புரிதல் நிலவுவதாக எண்ணிக்கொண்டேன். புத்தகம் அதிகம் படித்தவனுக்கு இது ஒரு சௌகரியம். எந்தக் கஷ்டத்துக்கும் கௌரவமான ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்.

மனைவிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மேலறைக்கு வரும் குடும்பங்களில் கைக்குழந்தை இருந்தால், “எத்தன மாசங்க?” என்று கேட்பாள். அடுத்து, “பேசுறானா?” என்று கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி கீழே இறங்கி வந்து, அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். 

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், அரிசி நிறுத்துக்கொண்டே தன் அப்பாவை உதாரணம் காட்டி ஆறுதல் சொன்னார்.

“என்னத்துக்கு மாப்ளே கவலப்படுற? எங்கத்தா மூணு வயசு வரைக்கும் வாயே தெறக்கலயாம். அதுக்கப்புறம் எம்பது வயசு வரைக்கும் நிறுத்தவே இல்ல. எங்கம்மா படாத பாடு பட்டுப் போச்சு. இப்பவே அனுபவிச்சுக்க.”

எங்கள் வீட்டில் சமையலுக்கும் துணி துவைக்கவும் வரும் அக்கா, நாக்கில் வசம்பு தேய்த்தால் சரியாகும் என்றார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தப் பேச்சு அவரிடம் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். வசம்பு தேய்த்தோம். மகள் முகத்தைச் சுளித்து, இதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு புது ‘ம்’ சொன்னாள். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

நான் நவீனமானவன் அல்லவா. படம் போட்ட அட்டைகள் வரவழைத்தேன். எல்லாம் ஆங்கிலத்தில். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பெங்குவின். எங்கள் வாசலில் தினமும் குரங்கு வருகிறது, வாரத்துக்கு ஒருமுறை காட்டுமாடு வந்து செடியைத் தின்கிறது. அவை அட்டையில் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இந்த மலைக்கு எந்த ஜென்மத்திலும் வரப்போகாத பெங்குவினை அவளுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். அவள் அட்டையை வாங்கி நிதானமாக முனையைச் சப்பினாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாளைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களே என்ற யோசனையில், வீட்டிலுள்ள எல்லோரும் குழந்தையிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று ஓர் உத்தரவும் போட்டேன். எனக்கு இருக்கும் ஆங்கிலம் விருந்தினருக்கானது. “குட் மார்னிங், ஹாட் வாட்டர் ரெடி, ப்ரேக்ஃபாஸ்ட் அட் எய்ட்.” அதையே இரண்டு வயதுக் குழந்தைக்கும் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டு எந்த மொழியிலும் பேசாமல் போனாள். அக்காவுக்குத்தான் கஷ்டம். வாய் ஓயாமல் பேசுகிறவர். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு துணிக்கும் வாளிக்கும் பட்டாணிக்கும்கூட ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். என் உத்தரவுக்குப் பிறகு குழந்தை பக்கத்தில் வந்தாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, “வாட்டர்” என்று ஒருதரம் சொன்னார். பாவம், வாளியைப் பார்த்துத்தான் சொன்னார், குழந்தையைப் பார்த்துச் சொல்ல வெட்கம்.

கடைசியில் மதுரைக்குப் போனோம். குழந்தைகளின் பேச்சைக் கவனிக்கும் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி மனைவி விசாரித்து வைத்திருந்தாள். வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு வழியாக பஸ். இறக்கத்தில் குழந்தைக்கு வாந்தி வருமென்று நாலு பாலிதீன் பை எடுத்துப் போயிருந்தோம். நாலும் எனக்குத்தான் பயன்பட்டன. குழந்தை என் முதுகைத் தட்டிக் கொடுத்தது.

முதலில் காது பரிசோதித்தார்கள். காதில் குறையில்லை. பிறகு பயிற்சியாளரின் அறை. சின்ன வயசுப் பெண். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து, “தாத்தா வேணும்னா வெளிய உக்காருங்களேன், அம்மா அப்பா மட்டும் இருந்தாப் போதும்” என்றார். மனைவி பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

“அப்பாதாங்க. பாத்தா அப்படித் தெரியும்” என்றாள்.

தரையில் பாய் விரித்து, சில சாமான்கள் போட்டு, எங்களை உட்காரச் சொன்னார் அந்தப் பெண். “நீங்க வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க. நான் சும்மா பாக்குறேன்” என்று மூலையில் நோட்டுடன் உட்கார்ந்துகொண்டார். அரைமணி நேரம் இருக்கும். மகள் எங்கள் பையைப் பார்த்தாள். நான் பிஸ்கெட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து திரைச்சீலையை ஒதுக்கினேன். காலைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றினேன். கூரையைப் பார்த்தாள். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன்.

அந்தப் பெண் நோட்டை மூடினார்.

“சார், நீங்க என்ன வேல பாக்குறீங்க?”

“ஹோம்ஸ்டே நடத்துறேங்க.”

“ஓ,” என்றார். அந்த ‘ஓ’ ரொம்ப நீளமாக இருந்தது. “உங்க வீட்டுக்கு நான் கட்டாயம் வந்து தங்கணும் சார். ஆனா உங்க பொண்ணு பேசணும்னா நீங்க கொஞ்சம் மோசமான ஓனரா மாறணும்.”

பிறகு அவர் சொன்னதை, சொன்ன மாதிரியே இங்கே எழுத ஆசை. பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதியை மனைவி எழுதிவைத்திருந்தாள். பேசாததற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். சில குழந்தைகள் தாமதமாகப் பேசும், சில குழந்தைகளுக்கு வேறு உதவி தேவைப்படும். மூன்று மாதம் இதைச் செய்துபாருங்கள், மாற்றம் இல்லையென்றால் மேற்கொண்டு சோதனைகள் செய்வோம். மனைவி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது அந்த இடத்தில்தான். மூன்று மாதம் என்பது எங்கள் இருவர் மனதிலும் அன்றே ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

செய்ய வேண்டியது என்னவோ சாதாரண விஷயம். கைபேசியை எடுத்து வைத்துவிடுங்கள். புது பொம்மை வாங்க வேண்டாம், வீட்டு வேலையே விளையாட்டு. தரையில் குழந்தையின் முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவள் எதை வைத்து விளையாடுகிறாளோ அதைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை சொல்லுங்கள், கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். எதையும் முழுசாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது.

“எந்த பாஷையிலங்க பேசணும்?” என்று மனைவி கேட்டாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

“வீட்ல சண்ட போடுறது எந்த பாஷையில?”

“தமிழ்லதாங்க.”

“அப்ப அதுலயே பேசுங்க. அதுதான் சரளமா வரும்.”

ஊர் திரும்பியதும் உத்தரவை வாபஸ் வாங்கினேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். 

“இத்தன நாளா என் வாய கட்டி வச்சிட்டு, இப்ப மதுர வரைக்கும் போயி, பிள்ளைகிட்டப் பேசுங்கன்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க. என்னைக் கேட்டிருந்தா ஒரு தேத்தண்ணியோட முடிஞ்சிருக்கும் தம்பி.”

நானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கேட்காமலே.

அடுத்த நாள் காலை பட்டாணி. கூடையை நடுவில் வைத்து எல்லோரும் தரையில். நான் மகள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். உட்காரும்போது என் முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு சத்தம் கொடுத்தன. ஒரு பட்டாணியை உரித்து, “பட்டாணி” என்று சொல்லி அவள் கையில் வைத்தேன். தின்றாள். கூடையைப் பார்த்தாள். இப்போது நான் பேசாமல் இருக்க வேண்டும்.

பத்து எண்ணுவது என்பது கேட்பதற்கு எளிது. என்னால் நாலைத் தாண்ட முடியவில்லை. ஒரு ஜீவன் எதிரே உட்கார்ந்து ஒன்றை விரும்புகிறது, அது எனக்குத் தெரிகிறது, அது என் கையிலேயே இருக்கிறது, நான் கொடுக்கவில்லை. பதினோரு வருடத் தொழில் தர்மம் என்னை உள்ளேயிருந்து பிறாண்டியது.

“இன்னும் வேணுமா கண்ணு? பட்டாணி வேணுமா? ‘பட்டாணி’ சொல்லு. ‘தா’ன்னு சொல்லு. சரி, சொல்ல வேணாம், இந்தா.”

“பத்துன்னு சொன்னாங்க,” என்றாள் மனைவி. “நீங்க அஞ்சுக்குள்ள மேடைப் பேச்சே பேசி முடிச்சுட்டீங்க.”

மகளும் சளைத்தவள் இல்லை. நான் வாயை மூடக் கற்றுக்கொண்ட இரண்டாவது வாரத்தில், என் விரலைப் பிடித்து இழுத்துப்போய், கூடைக்குள் என் கையையே நுழைத்தாள். வேண்டியதை எடுக்க என்னை ஒரு கரண்டியாகப் பயன்படுத்தினாள். நான் ஒருநாள் பாட்டுப் பாடி, கடைசிச் சொல்லை விட்டு நிறுத்திப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

“பாருங்க, எவ்வளவு தெளிவா சொல்லுறா” என்றாள் மனைவி.

இந்தப் பயிற்சி மேலறை வரைக்கும் பரவிவிட்டதுதான் எதிர்பாராதது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் வராண்டாவில் நின்று உள்ளங்கைகளைத் தேய்த்தார். நான் பிளாஸ்குடன் எதிரே போய் நின்றேன். பழக்க தோஷம், மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேராக, ஊக்கமளிக்கும் புன்னகையுடன், புருவத்தை உயர்த்தி நின்றேன். ஏழு, எட்டு. அவர் ஓரடி பின்னால் போனார்.

“என்ன சார்? நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?”

அவர் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார்: ‘இடம் சுத்தம். சாப்பாடு அருமை. உரிமையாளர் நல்லவர்தான், ஆனால் கையில் பொருளை வைத்துக்கொண்டு நம்மையே பார்த்தபடி நிற்கிறார்.’ மனைவி அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். இருவரும் அன்று முழுவதும் கையில் எதையாவது வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள்.

அக்காவின் விளையாட்டு வேறு மாதிரி. அதற்கு அவர் பெயரும் வைக்கவில்லை, எண்ணவும் இல்லை. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சரிவிலிருக்கும் கொடியில் காயப்போடுவார். மகள் அவற்றுக்கு நடுவே புகுந்து ஓடுவாள். “அய்யோ, பாப்பாவக் காணோம்! அங்கிட்டும் காணோம், இங்கிட்டும் காணோம்!” என்று அக்கா ஈரத் துணியைத் தட்டித் தட்டித் தேடுவார். விரிப்புக்குக் கீழே இரண்டு குட்டிக் கால்கள் அப்பட்டமாகத் தெரிந்துகொண்டிருக்கும். “இந்தா இருக்கு!” என்றதும் சிரிப்பு வெடிக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எங்கள் பக்கம் மேகம் ஏறும். முதலில் கீழே ஜீப் ரோடு மறையும், பிறகு எதிர்மலை, பிறகு வேலி. அக்கா துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டே அதையும் விளையாட்டில் சேர்த்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து, “ரோட்டக் காணோம். மலையக் காணோம். அப்பனுக்குச் சோலியும் காணோம், சும்மா நிக்குது பாரு” என்பார். மறுநாள் காலை வெயில் வந்ததும் அவளைத் தூக்கிவந்து, “இந்தா இருக்கு மலை!” என்பார். இதை ஒருநாளும் விட்டதில்லை. நான் புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த விஷயத்தை அவர் ஈரத்துணியோடு செய்துகொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். விரிப்புக்குப் பின்னால் நான் ஒளிந்தால் அவள் தேட வேண்டும். என் வயிறு விரிப்பை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்பதால், அவள் தேடும் சிரமம் இல்லாமல் நேரே வந்து அதில் குத்துவாள்.

ஒரு மாதம் போயிற்று. ஒன்றரை மாதம் போயிற்று. சிரிப்பு கூடியது. கண்ணைப் பார்த்தாள், கையைக் காட்டினாள், வாயைக் குவித்தாள். வார்த்தை மட்டும் வரவில்லை. மனைவி அடுப்படி நாட்காட்டியில் எதுவும் குறிக்கவில்லை. ஆனால் அதன் எதிரே நிற்கும் நேரம் அதிகமாயிற்று. ஒருநாள் நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொன்னபோது, “எல்லாத்துக்கும் சிரிக்காதீங்க” என்றாள். நான் அன்று கழுவிய பாத்திரத்தை வாங்கி அவளுக்குப் பதில் மறுபடி கழுவினேன்.

அந்த வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. அதில் ஒரு பெரியவர், எதிர்மலையைப் பார்க்கவென்றே வராண்டா அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். வந்த நேரத்திலிருந்து மேகம். இரண்டு நாளாக வேலிக்கு அப்பால் உலகமே இல்லை. எனக்குக் கொடுக்க முடியாத ஒரே சேவை அது. வெந்நீர் கொடுத்தேன், சூடாகப் பணியாரம் கொடுத்தேன், இன்னொரு கம்பளி கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு மறுபடி மேகத்தைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் படியிறங்கி வந்து முற்றத்தில் நின்றார். நல்ல மனிதர், கோபிக்கவில்லை; சும்மா வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா காயாத விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி மறுமுனையைப் பிடித்திருந்தாள். நான் மன்னிப்பும் தேத்தண்ணியுமாக அவரை நோக்கிக் கிளம்பினேன். அதற்குள் மகள் போய் அவர் வேட்டியை ஒட்டி நின்று, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்தாள்.

அவர் குனிந்து கேட்டார்: “ஏன் கண்ணு, உங்கூரு மலை எங்கெ?”

பதில் சொல்ல எனக்கு வாய் திறந்துவிட்டது. விருந்தினர் கேள்வி, வீட்டுக்காரன் பதில். என்னால் அதைத் தடுக்க முடியாது. நான் “சார், நாளைக்கு” என்பதற்குள் அக்கா கையிலிருந்த ஈர விரிப்பின் முனை என் முகத்தில் வந்து விழுந்தது. தற்செயல் என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார். துணியை விலக்கியபோது, மனைவி என்னைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தாள்.

பெரியவர் பதிலுக்காகக் குனிந்தபடியே இருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை, வேறு பார்க்கவும் எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மகள் மேகத்தைப் பார்த்தாள். ஐந்து. அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு இருக்கும், நான் ஒழுங்காக எண்ணினேன் என்று சொல்ல முடியாது.

அவள் இரண்டு கைகளையும் விரித்தாள், அக்கா விரிப்பது போலவே.

“காணோ.”

பெரியவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேலாக இந்த வீடு எதற்காகக் காத்திருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர் பாட்டுக்கு மிகுந்த உண்மையுடன் பதில் சொன்னார்.

“ஆமா கண்ணு, காணோம். ரெண்டு நாளாக் காணோம். நானும் லீவு போட்டுட்டு வந்து பாத்துட்டே இருக்கறேன், காணவே காணோம்.”

“காணோ,” என்றாள் அவள், அவர் சொன்னதை முழுதாக ஆமோதித்து.

திரும்பிப் பார்த்தேன். மனைவி ஈர விரிப்பில் முகத்தைப் புதைத்திருந்தாள். அக்கா, “துணி அழுக்காப் போகுது, முகத்த எடு” என்று அதட்டிக்கொண்டே, அதே துணியின் மறுமுனையில் தன் கண்ணைத் துடைத்தார். நான் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டேன். பிறகு, அது விருந்தினருடையது என்று ஞாபகம் வந்தது.

அன்று அந்தப் பெரியவருக்குக் கேட்காமலே நாலு தடவை தேத்தண்ணி போயிற்று. நாலாவதைக் கொண்டுபோனபோது, “போதுமுங்க, தூக்கம் வராது” என்றார். மூன்றாம் நாள் காலையில் மேகம் விலகியது. அவர் ஜன்னலைத் திறக்குமுன்பே முற்றத்திலிருந்து “இந்தா! இந்தா!” என்று ஒரு சத்தம். எதிர்மலை வழக்கம்போல் நின்றது. கதவைத் தட்டி விருந்தினரை எழுப்பும் வேலையை அன்றிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி, ஊத்து, மாடு, போ. ‘போ’ பெரும்பாலும் எனக்கு. பாய் கடையில் பேரிக்காயைக் கேட்டு வாங்கினாள். பெயரைச் சொல்லவில்லை; “தா” என்றாள். பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து ஒன்றுக்கு இரண்டாகக் கையில் கொடுத்தார். “முடிஞ்சுது மாப்ளே, இனிமே உனக்கு எங்கம்மா பட்ட பாடுதான்” என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி மதுரை. நாலு பை எனக்கு, வழக்கம்போல். அதே அறை, அதே பாய். மனைவி நோட்டில் இருபத்தேழு வார்த்தை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து, “ம், விளையாடுங்க” என்றார்.

மகள் வாயே திறக்கவில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கட்டைகளை அடுக்கினாள், தள்ளினாள், கூரையைப் பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. வரும் வழியில் வத்தலக்குண்டில் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரையும் “போ” என்று சொல்லி இறக்கிவிடப் பார்த்தவள். மனைவியின் முகத்தில் பழைய கவலை ஏறத் தொடங்கியது. எனக்கு வாய் துடித்தது. ‘மலை எங்கே’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே பேனாவை என் பக்கம் லேசாக உயர்த்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

மகள் எங்கள் பையைப் பார்த்தாள். என் கை தானாகப் போயிற்று. மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பைக்குள் தலையை விட்டு, பிஸ்கெட் பொட்டலத்தை எடுத்துவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“தொற.”

திறந்தேன். இவ்வளவு வேகமாக எந்த விருந்தினருக்கும் நான் எதையும் திறந்ததில்லை. மூலையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் மனைவி மூச்சு விட்டது அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

அவள் ஒரு பிஸ்கெட்டை எடுத்தாள். தின்னவில்லை. என் எதிரே, முகத்துக்கு முகம் பார்க்கும்படி உட்கார்ந்தாள். பிஸ்கெட்டை என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, புருவத்தை உயர்த்தி, ஊக்கமளிக்கும் புன்னகை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“வேணுமா?”

பிறகு பேசாமல் காத்திருந்தாள்.

நான் கையை நீட்டினேன். பிஸ்கெட் பின்னால் போயிற்று. தலையை ஆட்டினேன். போதவில்லை. ‘ம்’ என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அந்த மொழி மறந்துவிட்டது போலிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் மனைவி என் முழங்காலைக் கிள்ளினாள்.

“வாயத் தெறந்து கேளுங்க,” என்றாள்.

“வேணும்,” என்றேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. பஸ்ஸில் வாந்தியெடுத்ததால் இருக்கும்.

அந்தப் பெண் நோட்டை மூடி, இப்போதைக்கு வேறு சோதனை எதுவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள், இப்படியே விளையாடுங்கள் என்றார். மனைவி தலையாட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்த மறந்து.

என் மகள் நான் சொன்னதைத் திருப்தியுடன் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பிஸ்கெட்டைத் தன் வாயில் போட்டு மென்று, இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டினாள்.

“காணோ.”